சூப்பர்வைசருக்கே சந்தேகம் வந்தால்: டர்பன் ஏ.பி.ஏ. மேற்பார்வையாளர்கள் ஒருவரையொருவர் கேட்டு வேலை செய்யும் முறை

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டில் ஆறு வயதுப் பையனுக்கு ஏ.பி.ஏ. நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ.பி.ஏ. என்பது நடத்தைப் பகுப்பாய்வு, பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் தரும் பயிற்சி முறை. பையனோடு உட்கார்ந்து பயிற்சி தரும் டியூட்டர் வாரத்தில் ஐந்து நாள் வருகிறார். பயிற்சித் திட்டத்தை எழுதி டியூட்டரை வழிநடத்தும் சூப்பர்வைசர் வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறார். பையன் தலையில் அடித்துக்கொள்வது மூன்று வாரமாகக் கூடிக்கொண்டே போகிறது. டியூட்டருக்குச் சந்தேகம் வந்தால் சூப்பர்வைசரைக் கேட்பார். அம்மாவும் அவரைத்தான் கேட்பார், பள்ளி டீச்சரும் அவரைத்தான். அந்தச் சூப்பர்வைசர் யாரைக் கேட்பது?

பெரும்பாலும் யாரையும் கேட்பதில்லை. திட்டத்தில் ஏதோ ஒன்றை மாற்றிப் பார்ப்பார், சரிப்படாவிட்டால் இன்னொன்றை மாற்றுவார். நம்மைவிட இளையவரிடம் கேட்பதா என்ற கூச்சம் ஒரு பக்கம். மூத்தவரைத் தொந்தரவு செய்வதா என்ற தயக்கம் இன்னொரு பக்கம். நடுவில் கழியும் வாரங்கள் குழந்தையின் வாரங்கள். அதனால் கேட்பதை அன்றைய மனநிலைக்கு விடக்கூடாது. எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்ற மூன்றையும் சிக்கல் வருவதற்கு முன்பே தாளில் எழுதிவைக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. உளவியலாளர், பேச்சு சிகிச்சையாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எல்லாரும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்ற நாட்டின் மருத்துவத் தொழில் மன்றத்தில் பதிவு செய்கிறார்கள். நடத்தைப் பகுப்பாய்வாளருக்கென்று அங்கே தனிப் பதிவேடு இல்லை. இந்தத் துறைக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்காவின் பி.ஏ.சி.பி. வாரியம் 2023 ஜனவரி 1 முதல் இந்த நாட்டிலிருந்து புது விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியவர்கள் அதைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளலாம். இளையவர்கள் ஐ.பி.ஏ.ஓ. அல்லது க்யூ.ஏ.பி.ஏ. என்ற வேறு சான்றிதழ் அமைப்புகள் வழியாகப் போகிறார்கள். இப்படி ஒரே ஊரில் வெவ்வேறு சான்றிதழ்காரர்கள் இருக்கிறார்கள், மூத்தவர்களில் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். பக்கத்து அறையில் கேட்க ஆள் இருப்பார் என்று நம்பி வேலை செய்ய முடியாது. ஆளைத் தேடி, நேரம் குறித்து, ஏற்பாடாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எப்போது கேட்பது: கோட்டை முன்பே போடுங்கள்

ஒவ்வொரு குழந்தையின் ஃபைலிலும் முதல் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் வரையுங்கள். தலைப்பு: "இது நடந்தால் நான் கேட்பேன்". அதில் எண்கள் மட்டும் இருக்கட்டும். "நிலைமை மோசமானால்" என்று எழுதினால் பயனில்லை, ஏனென்றால் மோசம் என்பதை நாளைக்கு நாமே தள்ளிப்போட்டுக்கொள்வோம். தொடங்குவதற்கு இந்த அளவுகள் பொருந்தும்:

- தோல் கிழிவது, வீக்கம், கடித்த தடம்: ஒருமுறை நடந்தாலும் அன்றைக்கே.
- இதுவரை பார்க்காத புது வகை நடத்தை: 48 மணி நேரத்துக்குள்.
- கற்றல் இலக்கில் தொடர்ந்து 5 அமர்வுகள் முன்னேற்றத்தைக் காட்டும் வரைபடக் கோடு அசையவில்லை: அந்த வாரத்துக்குள்.
- டியூட்டருக்கு ஒரே திருத்தத்தை 3 முறை சொல்லியும் மாற்றமில்லை: அடுத்த குழுக் கூட்டத்தில்.
- பெற்றோர் சந்திப்பு அடுத்தடுத்து 2 முறை ரத்து: அடுத்த குழுக் கூட்டத்தில்.
- ஒரு குழந்தையின் வரைபடத்தைத் திறக்காமல் நீங்களே 2 வாரம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள்: அன்றைக்கே, ஒரு சக சூப்பர்வைசருக்கு ஒரு வரி.

கடைசி வரியை யாரும் எழுத விரும்புவதில்லை. ஆனால் தவறவிடக் கூடாதது அதுதான். தெரியாத கேஸைத்தான் நாம் திறக்காமல் தள்ளிவைப்போம்.

அளவுகளை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வாரம் இரண்டே அமர்வு நடக்கும் வீட்டில் 5 அமர்வு என்பது இரண்டரை வாரம், அங்கே 3 என்று வையுங்கள். மாற்றக்கூடாதது ஒன்றுதான்: எண்ணைச் சிக்கல் நடக்கும்போது திருத்தாதீர்கள்.

புதிதாகத் தலையில் அடித்துக்கொள்வது, காதைப் பிடித்து இழுப்பது, சாப்பாட்டைத் தள்ளுவது தொடங்கினால் முதலில் கேட்க வேண்டியவர் டாக்டர். பல்வலி, காதில் சீழ், மலச்சிக்கல் ஆகியவை பேசத் தெரியாத குழந்தையிடம் நடத்தையாகத்தான் வெளிப்படும். இதைத் தாண்டிவிட்டு எந்தச் சூப்பர்வைசரிடம் கேட்டாலும் கிடைக்கும் யோசனை தவறான இடத்திலிருந்து தொடங்கும்.

யாரிடம் கேட்பது

ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கேட்பது வழக்கமான தவறு. அந்த ஆள் பெரும்பாலும் நண்பராகவும் இருப்பார், அதனால் நாம் நினைப்பதையே திருப்பிச் சொல்வார். நான்கு பெயர்களை எழுதிவையுங்கள்.

முதலாவது, உங்கள் நிலையிலேயே உள்ள ஒருவர், டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்கிலோ நேரில் வந்து பார்க்க முடிந்தவர். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான், மாதம் ஒருமுறை வரலாம். இரண்டாவது, உங்களைவிட அதிகம் பார்த்த மூத்தவர். வெளியூரில், வெளிநாட்டில் இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது, வேறு துறைக்காரர்: பேச்சு சிகிச்சையாளர் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நான்காவது, அறம் பற்றிய சிக்கலுக்கு மட்டும் ஒருவர். அவர் உங்களுக்குச் சம்பளம் தருபவராகவும் இருக்கக்கூடாது, உங்களிடம் சம்பளம் வாங்குபவராகவும் இருக்கக்கூடாது.

சென்னையில் உள்ள தமிழ் பேசும் சூப்பர்வைசரோடு பேச நமக்கு மாலை 4 மணி வசதி, அங்கே இரவு 7.30. மொரிஷியஸ் நம்மைவிட 2 மணி நேரம் முன்னால் இருக்கிறது. லண்டன் கோடையில் 1 மணி நேரமும் குளிர்காலத்தில் 2 மணி நேரமும் பின்னால். அங்கே கடிகாரம் மாறும் மார்ச், அக்டோபர் கடைசியில் கூட்ட நேரம் குழம்பும். அழைப்பில் எப்போதும் தென்னாப்பிரிக்க நேரத்தைக் குறிப்பிடுங்கள்.

சான்றிதழ் பெற்று ஓராண்டு ஆகாத பி.ஏ.சி.பி. பகுப்பாய்வாளர் பயிற்சி பெறும் ஒருவரின் களப்பணி நேரத்தை மேற்பார்வை செய்வதானால், அனுபவமுள்ள ஆலோசனை மேற்பார்வையாளரை மாதம் ஒருமுறை கலந்தாக வேண்டும் என்பது அந்த வாரியத்தின் விதி. ஓராண்டு முடிந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். கடினமான கேஸ்கள் இரண்டாம் ஆண்டில்தான் வரத் தொடங்கும்.

எப்படிக் கேட்பது

"ஒரு பையன் ரொம்ப அடிச்சுக்கறான், என்ன பண்ணலாம்?" என்று வாட்ஸாப்பில் கேட்டால் பதினைந்து பதில் வரும். பதினைந்தும் வெவ்வேறு பையன்களைப் பற்றியவை. அதே கேள்வியை ஏழு வரியில் இப்படி எழுதலாம்:

1. குழந்தை: 6 வயது, மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேசுவான்.
2. நடத்தை: திறந்த உள்ளங்கையால் தலையில் சத்தம் கேட்கும்படி தட்டுதல். ஒவ்வொரு தட்டும் ஒரு எண்ணிக்கை.
3. எண்: கடைசி 8 அமர்வுகளில் மணிக்கு 4, 5, 4, 6, 11, 12, 14, 13.
4. உடல்: டாக்டர் பார்த்தார். காது, பல் சரி.
5. 5-ஆம் அமர்வில் மாறியவை: புது டியூட்டர் வந்தார். புரட்டாசி தொடங்கியது.
6. செய்முறைச் சரிபார்ப்பு: திட்டத்தில் 10 படிகள், புது டியூட்டர் 6 சரியாகச் செய்கிறார்.
7. என் கேள்வி: திட்டத்தை மாற்றுவதா, டியூட்டருக்கு மறுபடி பயிற்சி தருவதா?

இப்படி எழுதி முடிக்கும்போதே பாதி விடை வந்துவிடும். 10-இல் 6 படிதான் நடக்கிறது என்றால் திட்டம் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் திட்டம் இன்னும் நடக்கவே இல்லை. முதலில் 10-இல் 9 படியாவது சரியாக வரட்டும். பிறகு 5 அமர்வு பாருங்கள். அதற்குப் பிறகும் எண் இறங்காவிட்டால் திட்டத்தைத் தொடலாம். அடிபடும் அபாயம் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் பாதுகாப்பு ஏற்பாட்டை உடனே செய்யுங்கள்.

ஐந்தாம் வரியில் புரட்டாசி எதற்கு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். டர்பன் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை வீட்டில் கறி கிடையாது. அதுவரை வலுவூட்டியாக, அதாவது சரியாகச் செய்ததற்குப் பரிசாக, கொடுத்துவந்த வியன்னா (தொத்திறைச்சி) துண்டும் சிக்கன் நகெட்டும் ஒரே நாளில் நின்றுவிடும். கட்டுப்பாடு அதிகமுள்ள வீடுகளில் ஜெலட்டின் சேர்ந்த ஜெல்லி மிட்டாயும் நிற்கும். டியூட்டர் பிஸ்கட் கொடுத்துச் சமாளிப்பார், பையனுக்கு அது வேண்டியிருக்காது. வரைபடத்தில் எண் திடீரென்று ஏறும், காரணம் நோட்டில் இருக்காது. ஆகஸ்ட் கடைசியிலேயே பையனுக்கு எது பிடிக்கும் என்று பார்க்கும் விருப்பத் தேர்வுச் சோதனையை மறுபடி நடத்தி, கறியில்லாத ஐந்தாறு பொருள்களையும் சாப்பாடு அல்லாத மூன்று நான்கு விளையாட்டுகளையும் வரிசைப்படுத்தி வையுங்கள். வெளிநாட்டு ஆலோசகருக்கு இது தானாகத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. இரண்டு கேள்வி இருந்தால் இரண்டு தாள்.

குழு வைப்பது

நான்கு முதல் ஆறு பேர் சரியான அளவு. மூவராக இருந்தால் ஒருவர் வராத நாளில் அது அரட்டை ஆகிவிடும். எட்டுப் பேர் ஆனால் இருவர் பேசுவார்கள், ஆறு பேர் கேட்பார்கள். மாதம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 60 நிமிடம், ஒரு கேஸ் மட்டும்.

முதல் 5 நிமிடம் போன கூட்டத்தின் முடிவு என்ன ஆனது என்று கேளுங்கள், எண்ணோடு. அடுத்த 8 நிமிடம் கேஸ் கொண்டுவந்தவர் ஏழு வரியைப் படித்து வரைபடத்தைக் காட்டுவார். பிறகு 12 நிமிடம் விளக்கம் கேட்கும் கேள்விகள் மட்டும். "இதைச் செய்து பார்த்தீர்களா?" என்பது கேள்வி வேடத்தில் வரும் யோசனை, நடத்துபவர் அதை நிறுத்த வேண்டும். அடுத்த 20 நிமிடம் யோசனைகள். கேஸ் கொண்டுவந்தவர் இந்த நேரத்தில் வாய் திறக்காமல் எழுதிக்கொள்வார். இது கடினம். ஒவ்வொரு யோசனைக்கும் "அதைச் செய்தோம், ஆனால்" என்று பதில் சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் ஐந்தாவது நிமிடத்தில் ஓய்ந்துவிடுவார்கள். கடைசி 15 நிமிடத்தில் கேஸ் கொண்டுவந்தவர் ஒன்றைத் தேர்ந்து, யார் எப்போது செய்வது, எந்த எண்ணைப் பார்ப்பது, எந்தத் தேதியில் வந்து சொல்வது என்று உரக்கச் சொல்வார். குறிப்பெடுப்பவர் அதை ஒரு வரியில் பதிவு செய்வார்.

நடத்துபவரும் குறிப்பெடுப்பவரும் சுழற்சியில் மாறட்டும், கேஸ் கொண்டுவருபவரும் அப்படியே. மூத்தவரும் தன் முறைக்குக் கேஸ் கொண்டுவர வேண்டும், அதுவும் முடிந்துபோன வெற்றிக் கதையாக இல்லாமல் இப்போது ஓடாமல் நிற்கும் கேஸாக. குழு தொடங்கும்போது முதல் கேஸை மூத்தவரே கொண்டுவந்தால் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். யோசனை நேரத்தில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில் பேசட்டும். பெரியவர் ஒரு கருத்தைச் சொன்ன பிறகு அதற்கு எதிராகப் பேசுவது நம் வீடுகளிலும் பழக்கமில்லை, ஜூலு வீடுகளிலும் இல்லை.

சான்றிதழ்கள் வெவ்வேறாக இருப்பதால் முதல் கூட்டத்திலேயே எந்த நெறிமுறையைப் பின்பற்றுவது என்று முடிவு செய்யுங்கள். விதிகள் முரண்பட்டால் கடுமையானதை எடுப்பது நல்லது. பி.ஏ.சி.பி.யின் இப்போதைய நெறிமுறை 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் நான்காம் பகுதி முழுக்க மேற்பார்வையைப் பற்றியது. எத்தனை பேரைத் தரமாக மேற்பார்க்க முடியுமோ அத்தனை பேரை மட்டுமே எடுக்க வேண்டும் என்பது 4.03. மேற்பார்வை ஆவணங்களைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 4.05. முதல் பகுதியின் 1.05, தனக்குத் திறமையுள்ள எல்லைக்குள் வேலை செய்யச் சொல்கிறது. உணவு விழுங்குவதில் சிக்கல், தன்னைத்தானே கடுமையாகக் காயப்படுத்துவது, மண்ணையோ பொத்தானையோ விழுங்குவது இவற்றில் பயிற்சி இல்லாதவர் குழுவின் யோசனையை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கக்கூடாது. தெரிந்தவரை நேரடியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கேஸையே அனுப்பிவிட வேண்டும்.

"அடம்" என்ற சொல்லை அளப்பது

சேர்ந்து வேலை செய்யத் தொடங்குவதற்கு மிகச் சிறந்த பயிற்சி இது, ஒரு மாலைப் பொழுது போதும். 10 நிமிட வீடியோ ஒன்றை எடுத்து 30 வினாடித் துண்டுகளாகப் பிரித்தால் 20 துண்டு வரும். இரண்டு சூப்பர்வைசர்கள் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், ஒவ்வொரு துண்டிலும் "அடம்" இருந்ததா இல்லையா என்று குறிக்க வேண்டும். ஒத்துப்போன துண்டுகளை 20-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 17 ஒத்துப்போனால் 85 சதவீதம். 12 என்றால் 60. பொதுவாக 80-க்குக் கீழே இருந்தால் அந்தப் பதிவை நம்பித் திட்டம் போட மாட்டோம். நடத்தை அரிதாகவே வருவதாக இருந்தால் எச்சரிக்கை வேண்டும். இருவரும் பெரும்பாலான துண்டுகளில் "இல்லை" என்று குறித்திருப்பதாலேயே சதவீதம் உயர்ந்து தெரியும். அப்போது இருவரில் ஒருவராவது "இருந்தது" என்று குறித்த துண்டுகளை மட்டும் எடுத்துக் கணக்கிடுங்கள்.

60 வந்தால் இருவரில் யாருக்குக் கண் சரியில்லை என்று தேடாதீர்கள். வரையறைதான் சரியில்லை. அம்மாவுக்கு அடம் என்றால் சொன்னதைக் கேட்காமல் நிற்பது. டியூட்டருக்கு அழுகை. ஒரு சூப்பர்வைசருக்குத் தரையில் விழுவது. வரையறையை இப்படி எழுதிப் பாருங்கள்: "முதுகோ வயிறோ தரையில் படும்படி படுப்பது, அல்லது சொல் இல்லாமல் 3 வினாடிக்கு மேல் கத்துவது. 10 வினாடி இரண்டும் இல்லாவிட்டால் முடிந்தது. மூக்கை உறிஞ்சுவது, முகம் சுளிப்பது, 'வேண்டாம்' என்று வாயால் சொல்வது சேராது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "வேண்டாம்" என்று சொல்வது நாம் கற்றுக்கொடுக்க விரும்பும் திறமை, அதை அடத்தின் கணக்கில் சேர்த்தால் திட்டம் அதையே அழுத்திவிடும்.

இதே சமயத்தில் சொல் பட்டியலையும் ஒப்பிடுங்கள். நம் வீடுகளில் பையனோடு எல்லாரும் ஆங்கிலம்தான் பேசுவார்கள். ஆயா (பாட்டி) மட்டும் "போதும்", "வா", "தண்ணி" என்பார். டியூட்டர் "ஆல் டன்" என்பார். ஒரே வேலைக்கு இரண்டு சொல் இருப்பதில் தவறில்லை. எந்தச் சொல்லுக்குப் பையன் என்ன செய்கிறான் என்று யாரும் எழுதிவைக்காததுதான் தவறு. வெளி சூப்பர்வைசர் வீடியோ பார்த்து "அறிவுறுத்தலுக்குப் பதில் இல்லை" என்று முடிவு கட்டும் முன் இந்தப் பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும்.

டியூட்டர் உங்களிடம் கேட்க

உங்களிடம் யாரும் கேட்காத இடத்தில் நீங்கள் மட்டும் வெளியே போய்க் கேட்டுப் பயனில்லை. டர்பனில் டியூட்டர்கள் பலர் ஜூலு பேசும் இளம் பெண்கள். மூத்தவருக்குக் காட்டும் மரியாதையை அவர்கள் ஹ்லோனிபா என்பார்கள். கண்ணைப் பார்க்காமல் தலையைத் தாழ்த்திக் கேட்பது அதில் ஒரு பகுதி. அதைக் கவனமின்மை என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதிவிடாதீர்கள். நம் தமிழ் டியூட்டர்களும் "அக்கா சொன்னா சரிதான்" என்று போய்விடுவார்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். "ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "இந்தப் பத்துப் படியில் ரொம்ப வழுக்குற படி எது?" என்று கேட்டால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பயிற்சி தரும்போது நான்கு பகுதியும் வேண்டும்: சொல்லுதல், செய்து காட்டுதல், அவர்களைச் செய்ய வைத்தல், உடனே திருத்திச் சொல்லுதல். அவசரத்தில் முதல் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். மூன்றாவதும் நான்காவதும் இல்லாமல் கை பழகாது.

ஒரு டியூட்டர் தானாக வந்து "நேற்று நான் தவறா செஞ்சுட்டேன்" என்று சொன்னால், உங்கள் முதல் வாக்கியம் "சொன்னதுக்கு நன்றி" என்று இருக்கட்டும். திருத்தம் இரண்டாவது வாக்கியத்தில் வரலாம். அந்த முதல் வாக்கியத்தைப் பொறுத்துத்தான் அடுத்த தவறு உங்கள் காதுக்கு வரும். உங்களுக்கே தெரியாத கேள்வி வந்தால், "எனக்குத் தெரியல, வியாழக்கிழமைக்குள்ள கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள், வியாழக்கிழமை மறக்காமல் போய்ச் சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்று போய்ச் சொல்லுங்கள்.

டியூட்டர் தொடர்ந்து தவறு செய்தால், "ஆர்வமில்லை" என்று முடிவு கட்டும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள். பயிற்சி போதுமா? என்ன செய்ய வேண்டும் என்பது கண்முன் எழுதியிருக்கிறதா? பொருளும் நேரமும் இருக்கின்றனவா? சரியாகச் செய்ததை யாராவது கவனித்துச் சொல்கிறார்களா, இல்லை அந்த வேலை அளவுக்கு மீறிக் கடினமா? கார், வைல்டர் முதலானோர் 2013-இல் வெளியிட்ட பணிச்செயல் சரிபார்ப்புப் பட்டியல் இந்த நான்கு பகுதிகளைக் கொண்டதுதான். இதை நீங்கள் தனியாக நிரப்பாமல், டியூட்டரின் வேலையை நேரில் பார்த்த இன்னொரு சூப்பர்வைசரும் தனியாக நிரப்பி, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒருவர் "பயிற்சி" என்றும் மற்றவர் "பொருள் இல்லை" என்றும் குறித்திருந்தால் மறுநாள் காலை போய் அலமாரியைத் திறந்து பாருங்கள். பட அட்டைகளில் பாதி காணாமல் போயிருக்கலாம்.

மற்ற துறைக்காரரோடு

பேச்சு சிகிச்சையாளரிடம் போகும்போது நம் துறைச் சொற்களை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். "மேண்ட்" என்பதை "கேட்டு வாங்குவது" என்றால் அவருக்கும் புரியும், அம்மாவுக்கும் புரியும். அவர் துறைக்குள் வரும் கேள்வியைக் கேளுங்கள்: எந்தப் பேச்சுக் கருவி, எத்தனை படம், எந்த அளவு. அதை ஒரு நாளில் எத்தனை முறை, எந்த இடங்களில் பயன்படுத்தினான் என்று எண்ணித் தருவது உங்கள் பங்கு. கருத்து வேறுபட்டால், பாதிப்பில்லாத முறையாக இருக்கும்வரை, எந்த எண் மாறினால் பயன் என்று இருவரும் முன்பே ஒப்புக்கொண்டு 3 வாரம் பார்க்கலாம். முடிவை அளவு சொல்லட்டும். அம்மாவை நடுவில் நிறுத்தி இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுப்பது மிகப் பெரிய கேடு.

ரகசியம்: சின்ன ஊரின் சிக்கல்

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பது ஜோஹன்னஸ்பர்க் போன்ற ஊரில்கூட அரைகுறை உண்மை. சாட்ஸ்வொர்த்திலும், டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸிலும் அது உண்மையே இல்லை. "கோயில் கமிட்டித் தலைவரின் பேரன், இரட்டையரில் ஒருவன்" என்றால் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வீடு தெரிந்துவிடும். வயது, பேச்சின் அளவு, நடத்தை, எண் ஆகியவை மட்டும் சொல்லுங்கள். பள்ளி, கோயில், தெரு, பெற்றோரின் வேலை, உடன்பிறந்தவர் எண்ணிக்கை எல்லாவற்றையும் விடுங்கள். விவரங்களை விடலாம், பொய்யாக மாற்றக்கூடாது. ஆறு வயதை ஒன்பது என்று மாற்றினால் யோசனையும் ஒன்பது வயதுக்குத்தான் வரும். யார் வீடு என்று ஒருவருக்குப் புரிந்துவிட்டால், அவர் உறவினராக இருந்தால், உடனே சொல்லி எழுந்துபோக வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே விதியாக்குங்கள். அப்போது எழுந்துபோவது யாருக்கும் அவமானமாகத் தெரியாது.

போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013-இன் 4-ஆம் சட்டம், 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழுள்ளவரின் தகவலுக்கும் உடல்நலத் தகவலுக்கும் அதில் கூடுதல் காப்பு உண்டு. நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்குத் தனி நிபந்தனைகளும் உண்டு. சென்னை ஆலோசகருக்கு வீடியோ அனுப்புவது இதில் அடங்கும். அதனால் பெற்றோரின் ஒப்புதல் தாளில் மூன்று வரியைத் தனித்தனியாக வைத்து, தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள்: சக சூப்பர்வைசரோடு பேசலாமா, வீடியோ காட்டலாமா, வெளிநாட்டில் உள்ளவருக்குக் காட்டலாமா. மூன்றாவதற்கு வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான்.

வீடியோவை அனுப்பாமல், அழைப்பில் உங்கள் திரையிலிருந்தே ஓட்டிக் காட்டுவது பாதுகாப்பு. வாட்ஸாப்பைக் கூட்ட நேரம் குறிக்க மட்டும் வையுங்கள். அதில் வரும் படமும் வீடியோவும் பலர் போன் கேலரியில் தானாக இறங்கி, அங்கிருந்து கிளவுடுக்கும் போய்விடக்கூடும். பிறகு யாரிடம் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க முடியாது.

குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் தெரிந்தால் குழுக் கூட்டத்துக்குக் காத்திருக்கக்கூடாது. 2005-இன் 38-ஆம் குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட வேலையில் உள்ளவர்கள் சமூக மேம்பாட்டுத் துறையிடமோ, நியமிக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ, போலீஸிடமோ தெரிவிக்கச் சொல்கிறது. சக சூப்பர்வைசரைக் கேட்கலாம், ஆனால் "சொல்லலாமா?" என்று கேட்காமல் "சொல்லப்போகிறேன், புகாருக்கான படிவம் 22-ஐ நிரப்பக் கூட இருங்கள்" என்று கேளுங்கள்.

ஒரு பக்க உடன்பாடு, பிறகு கைமாற்றம்

ஆலோசனை கொடுப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் ஒரு பக்கத் தாள் வேண்டும், நெருங்கிய நட்பாக இருந்தாலும். எத்தனை முறை சந்திப்பது, குறிப்பு யாரிடம் இருக்கும், கட்டணம் உண்டா அல்லது மணிக்கு மணி மாற்றாகவா என்பவை அதில் இருக்கட்டும். முடிவுக்குப் பொறுப்பு கேட்டவருக்கே என்பதையும் எழுதுங்கள். ஆலோசகர் பெரும்பாலும் அந்தக் குழந்தையை நேரில் பார்த்திருக்க மாட்டார், அவர் சொன்னார் என்று பெற்றோரிடம் கைகாட்டக்கூடாது. ஆலோசகர் பார்த்த தவறு குழந்தைக்குத் தீங்காகும் என்று தோன்றினால் என்ன செய்வார் என்பதும் தாளில் இருக்க வேண்டும்: முதலில் நேரில் சொல்வார், குறித்த நாளுக்குள் மாறாவிட்டால், அல்லது தீங்கு உடனடியானதாக இருந்தால், மேலே சொல்வார்.

விடுமுறைக்கும் ஆள் மாறுவதற்கும் இந்தக் குழுவே துணை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை பள்ளி மூடியிருக்கும், தைப்பூசக் காவடிக்கும் புனித வெள்ளி விடுமுறையில் நடக்கும் தீமிதிக்கும் வீடுகள் விரதத்தில் இருக்கும். அந்த வாரங்களில் எந்தக் குழந்தைக்கு எந்தச் சூப்பர்வைசர் பொறுப்பு என்று நவம்பரிலேயே பட்டியல் போட்டு, பெற்றோருக்கும் டியூட்டருக்கும் கொடுத்துவிடுங்கள்.

சூப்பர்வைசர் நாட்டை விட்டே போகிறார் என்றால் குறைந்தது நான்கு வாரம் வேண்டும். முதல் வாரம் பெற்றோரின் சம்மதத்தோடு புதியவரைத் தேர்ந்து ஃபைலைப் படிக்கக் கொடுங்கள். இரண்டாம் வாரம் பழையவர் நடத்த, புதியவர் பார்ப்பார். மூன்றாம் வாரம் புதியவர் நடத்த, பழையவர் பார்த்து, "அடம்" போன்ற வரையறைகளில் இருவரும் ஒத்துப்போகிறார்களா என்று 20 துண்டுக் கணக்கை மறுபடி போடுங்கள். நான்காம் வாரம் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றி, பழையவரின் போனிலும் கணினியிலும் உள்ள வீடியோக்களை அழித்து, அழித்த தேதியை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மேற்பார்வைப் பதிவுகளின் 7 ஆண்டுக் கணக்கு மட்டும் பழையவரின் பொறுப்பாகவே தொடரும். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்பதை அதே தாளின் கீழே எழுதுங்கள்.